இலங்கையின் இலவச சுகாதார சேவை

இலங்கையின் இலவச சுகாதார சேவை பொது வரிப்பணத்தில் நடக்கும் நாடளாவிய மருத்துவ ஏற்பாடு. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மருந்து எடுப்பதற்கும், பொது விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும், பிரசவத்துக்கும், சத்திரசிகிச்சைக்கும் நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. காப்புறுதி அட்டையோ மாதச் சந்தாவோ வருமானச் சான்றிதழோ யாரும் கேட்பதில்லை. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம். விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரச வைத்தியசாலைகளுக்கே செல்கிறார்கள். வெளிநோயாளரில் ஏறக்குறைய பாதிப்பேர். இதற்காக அரசு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தை ஒட்டிய தொகை மட்டுமே.

மருத்துவத்தை அரசே நடத்த வேண்டுமா என்ற வாதத்தில் இரு தரப்பும் இலங்கையைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. ஏழை நாடும் தன் மக்களைக் காக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஒரே கருவூலத்தையும் ஒரே நிர்வாகத்தையும் நம்பியிருக்கும் நோயாளிக்கு, அந்தக் கை தளரும்போது வேறு வாசல் இல்லாமற் போகும் என்பதற்கும் அதுவே சான்று. இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்து எடுக்க முடியாது.

தோற்றம்

குடியேற்றக் காலத்தில் அரச மருத்துவம் என்பது படையினர், துறைமுகங்கள், தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் தேவையைச் சுற்றியே வளர்ந்தது. சிவில் மருத்துவத் திணைக்களம் 1858இல் தொடங்கியது. வடக்கில் அமெரிக்க மிஷன் முந்திக்கொண்டது. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைமருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார்.

தடுப்பு மருத்துவத்துக்கான அடித்தளம் 1926இல் களுத்துறையில் இடப்பட்டது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் அங்கே அமைந்த சுகாதாரப் பிரிவில் ஒரு வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவிச்சிகள் ஆகியோர் வரையறுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பின் முழு நலனுக்கும் பொறுப்பேற்றார்கள். இன்று நாடெங்கும் இயங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அந்த அமைப்பின் வழிவந்தவையே.

எனினும் சேவை விரிந்ததற்கு உண்மையான உந்துதல் வாக்குச்சீட்டும் காய்ச்சலும்தான். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வயதுவந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகியது. மலேரியாவுக்குப் பழக்கப்படாத கேகாலை, குருநாகல் பகுதி மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1934-35 கொள்ளைநோயில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. நிவாரணப் பணிக்குக் கிராமங்களுக்குள் சென்ற எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா முதலிய இளைஞர்கள் அந்த 1935ஆம் ஆண்டின் முடிவில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். வாக்குக் கேட்டு வரும் எவரிடமும் கிராமம் ஆஸ்பத்திரி கேட்கத் தொடங்கியது. நாட்டுப்புற வைத்தியசாலைகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பின் 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1952இல் சுகாதார சேவைகள் சட்டம் வந்தது. முழு இலவசம் என்று 1948இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை, அதே 1951இல்தான் செயற்கைப் பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதனால் பதவி விலகினார். செல்வந்த நாடு தயங்கிய அதே ஆண்டில் இலங்கை துணிந்திருக்கிறது. பின்னர் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் அதே என்.எம். பெரேரா. 1977இல் அந்தக் கட்டணமும் போயிற்று. அதன் பிறகு எந்தக் கட்சியும் பொது வைத்தியசாலையில் கட்டணம் என்று மேடையில் பேசத் துணியவில்லை.

வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி

இந்தச் சேவையின் பெருமை கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்களில் இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் என்ற மருத்துவிச்சியிடம் இருக்கிறது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. தன் பகுதியில் எந்த வீட்டில் புதிதாகத் திருமணமாகி வந்திருக்கிறார்கள், யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவரது பதிவேட்டில் இருக்கும். கர்ப்பிணியைப் பதிவு செய்வார், கிளினிக்குக்கு வரச்சொல்வார், வராவிட்டால் வீட்டுக்கே வந்து நிற்பார். பிரசவம் முடிந்து தாய் வீடு திரும்பிய சில நாட்களுக்குள் அவர் வாசலில் இருப்பார். பால் சுரக்கிறதா, தொப்புள் காய்ந்ததா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, குருதிப் போக்கு எப்படி என்று பார்ப்பார். எடை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் 1973இல் தொடங்கிய திரிபோஷ சத்துமா அவர் வழியாகவே கிடைக்கிறது.

1930களில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புக்கு 2,000க்கு மேல் இருந்த தாய் மரணம், 1950 அளவில் ஏறத்தாழ 550ஆக இறங்கியது. அண்மைக் காலத்தில் அது 30ஐ ஒட்டி நிற்கிறது. இந்தியாவில் 2018-20 காலத்தில் இது 97 என்பதை வைத்துப் பார்த்தால் இடைவெளி புரியும். இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில் நடக்கின்றன. ஒரு தாய் இறந்தால் அந்த இறப்பு ஏன் நேர்ந்தது, எந்தக் கட்டத்தில் தாமதம் ஏற்பட்டது என்று மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் விசாரிக்கிறார்கள். இறப்பைக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுப் போகாத இந்தப் பழக்கம் பல கோடி ரூபா இயந்திரங்களைவிட மதிப்புள்ளது.

மலேரியாவின் கதையில் ஒரு பாடமும் உண்டு. டிடிடி தெளிப்பால் 1963இல் நாட்டில் கண்டறியப்பட்ட நோயாளர் 17 பேராகச் சுருங்கினர். கண்காணிப்புத் தளர்ந்ததும் 1960களின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கித் திரும்பி வந்தது. மீண்டும் பல பத்தாண்டுகள் உழைத்தபின், உள்நாட்டுப் போர் நடந்த மாவட்டங்களையும் சேர்த்து 2012க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை என்ற நிலை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. கட்டணம் கட்டும் நோயாளியை எதிர்பார்த்திருக்கும் மருத்துவம் இதைச் செய்ய முடியாது. வராத நோய்க்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அதைத் தேடிச் செல்வது வரிப்பணத்தில் நடக்கும் சேவையால்தான் ஆகும்.

இந்தச் சாதனை முழுவதையும் வைத்தியசாலைக் கணக்கில் எழுதுவது சரியல்ல. 1945இல் வந்த இலவசக் கல்வி, பெண்களின் எழுத்தறிவு, நெடுங்காலம் நீடித்த அரிசிப் பங்கீடு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம், இலங்கை ஆகிய நான்கையும் குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் அடைந்தவை என்று எடுத்துக்காட்டியபோது, இவற்றுக்குப் பொதுவாக இருந்தது இந்தச் சேர்க்கைதான்.

மருந்துக் கொள்வனவு

முழு நாட்டுக்கும் ஒருவரே வாங்குபவராக இருந்தால் விலை பேச முடியும். இதைத் திட்டமாக்கியவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் இறக்குமதியாவதை நிறுத்தி, தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, மூலப்பெயரில் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையை அவர் கொண்டுவந்தார். பன்னாட்டு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. அவர் 1977இல் கயானாவில் இறந்தார். அதே ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்து, தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி விரிந்தது. தமிழ்நாட்டில் 1990களின் நடுவில் பணியைத் தொடங்கிய மருத்துவ சேவைக் கழகம், மாநிலத்துக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக மூலப்பெயரில் வாங்குவதும் இதே தர்க்கத்தின்படிதான். இலங்கையில் ஒரு புதிய மருந்துச் சட்டம் வர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை அதன் வழி அமைந்தது.

ஒருவரே வாங்கும்போது ஊழலும் ஒரே இடத்தில் குவியும். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்துக் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். நாடு முழுவதும் ஒரே களஞ்சியத்தை நம்பியிருக்கையில் ஒரு தவறான கொள்வனவு ஒரு மாவட்டத்தோடு நிற்பதில்லை.

வரிசை

பணம் இல்லாத இடத்தில் விலை நேரமாக வசூலிக்கப்படுகிறது. இலங்கையில் நோயாளி எந்த வைத்தியசாலைக்கும் நேரே போகலாம். முதலில் ஊர் வைத்தியரைப் பார்த்துத் துண்டு வாங்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால் பிரதேச வைத்தியசாலையில் கட்டில்கள் வெறுமையாகக் கிடக்க, போதனா வைத்தியசாலையின் விடுதியில் நோயாளர் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கிளினிக் நாளில் விடியற்காலை இலக்கம் எடுத்தவர் சில நிமிடங்கள் வைத்தியரைப் பார்த்துவிட்டு, மருந்துக்கு மறுபடி வரிசையில் நின்று, நண்பகல் கடந்து வீடு திரும்புகிறார். மாதச் சம்பளக்காரருக்கு இது அலுப்பு. நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் சோறு.

வசதி உள்ளவர்கள் வரிசையைத் தவிர்க்கத் தனியாரிடம் போகிறார்கள். அரச வைத்தியர்களுக்குக் கடமை நேரத்துக்குப் பின் தனியார் மருத்துவம் செய்ய அனுமதி உண்டு. காலையில் கிளினிக்கில் பார்த்த அதே நிபுணரை மாலையில் பணம் கட்டிச் சனல் பண்ணிப் பார்ப்பது நகரங்களில் அன்றாடப் பழக்கம். சுகாதாரப் பொருளியலாளர் சிலர் இதை ஒரு வகையில் நன்மை என்றே பார்க்கிறார்கள்: செல்வந்தர் தாமாக விலகிக்கொள்வதால் அரசின் குறைந்த பணம் ஏழைகளுக்கு மிஞ்சுகிறது, வருமானச் சான்று கேட்டு ஏழையை அவமானப்படுத்த வேண்டியதில்லை, பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் செல்வந்தரும் அரச வைத்தியசாலைக்கே வருவதால் அதன் தரம் ஓரளவு காக்கப்படுகிறது.

பிரசவமும் காய்ச்சலும் விபத்துமே பெரிய கவலைகளாக இருந்த காலத்துக்கு இந்த வாதம் பொருந்தியது. இன்று இறப்புகளில் பத்தில் எட்டு தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. நீரிழிவுக்காரர் வாழ்நாள் முழுதும் மாதாமாதம் வரிசையில் நிற்க வேண்டும். சில பரிசோதனைகளை வெளியே செய்துவரச் சொல்கிறார்கள்; இல்லாத மருந்தை பார்மசியில் வாங்கத் துண்டு எழுதித் தருகிறார்கள். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை நெருங்கும் தொகை மக்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பரவிய, காரணம் முழுமையாகத் தெளிவாகாத சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட விவசாயிக்குக் குருதி சுத்திகரிப்பு இலவசம்தான். வாரந்தோறும் போய்வரும் பேருந்துச் செலவும் இழந்த கூலியும் இலவசமல்ல.

விலையுயர்ந்த கருவிகளுக்கு வரிப்பணம் எட்டாத இடத்தில் மக்கள் உண்டியல் ஏந்துகிறார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கப் பொதுமக்கள் நன்கொடை திரட்டினார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாடு நெடுக நடந்து நிதி சேர்த்தார்கள். போர் முடிந்த இரண்டாவது ஆண்டில் தெற்கிலிருந்து வடக்கு வந்த அந்த நடை மனதை நெகிழ வைக்கிறது. ஆனாலும் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபயணத்தை நம்பி இருக்கக்கூடாது.

எட்டாதவர்கள்

அரசின் சேவை என்பதால், அரசு யாரைத் தன் மக்களாகக் கருதியது என்பது இதில் அப்படியே தெரியும். தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அவர்களின் மருத்துவம் 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டங்களின்படி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது, அப்படியே விடப்பட்டது. கிராமத்துக்கு இலவச வைத்தியசாலை வந்தபோது, அடுத்த மலையில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தோட்ட டிஸ்பென்சரியே கதி. முழுத் தகுதி பெற்ற வைத்தியர் அங்கே இருப்பதில்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பின்பே தோட்ட வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கும் பேச்சு தொடங்கியது. அந்தப் பணி இன்னும் முடிந்தபாடில்லை. போசாக்குக் குறைவு இன்றும் தோட்டப் பிள்ளைகளிடம்தான் அதிகம். நுவரெலியா, பதுளை மாவட்ட வைத்தியசாலைகளில் தன் நோவைத் தமிழில் சொல்லிப் புரியவைக்க முடியாத நோயாளியின் குறை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. மொழி புரியாமல் கொடுக்கும் மருந்துக்கு இலவசம் என்பது ஈடாகாது.

போர்க்காலத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. அரசோடு போரிட்ட விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கின் வன்னியிலும் வைத்தியசாலைகள் அரச வைத்தியசாலைகளாகவே இயங்கின. வைத்தியர்களுக்குக் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது. உள்நாட்டுப் போர் நடந்த வேறு பல நாடுகளில் காணாத ஒன்று இது. சேவையின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை அது காட்டுகிறது. ஆனால் மருந்தை அனுப்பும் கையே அதைத் தடுக்கும் கையாகவும் இருந்தது. எந்த மருந்து, எவ்வளவு போகலாம் என்பதைப் பாதுகாப்புத் தரப்பு தீர்மானித்தது. போரின் இறுதிக் கட்டமான 2009இன் தொடக்கத்தில் அங்குள்ள புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்கால் வரை மக்களோடு நின்று சிகிச்சையளித்த அரச வைத்தியர்கள், போர் முடிந்ததும் அதே அரசால் சில மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அரசு நடத்தும் மருத்துவத்தின் குறைகளைப் பட்டியலிடும் நூல்கள் வரிசையையும் வீண்செலவையும் பேசும். மருந்தை அனுப்பும் அரசே அதைத் தடுக்கவும் முடியும் என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. இதுவே மிகப் பெரிய குறை என்பது இக்கட்டுரையின் கருத்து.

2022

வரியில் நடக்கும் சேவையின் உயிர் வரியில்தான் இருக்கிறது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; வேறு வரிகளும் வெட்டப்பட்டன. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்கு வீழ்ந்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து, 2022இல் மருந்து இறக்குமதிக்கு டொலர் இல்லாமற் போயிற்று. பெரும்பாலான மருந்துகள் வெளிநாட்டிலிருந்து, குறிப்பாக இந்தியாவிலிருந்து வருபவை. மார்ச் மாதத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. ஏப்ரலில் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் சுகாதார அவசர நிலை என்று அறிவித்தது. இந்தியக் கடனுதவியும், புலம்பெயர்ந்தோர் பெட்டி பெட்டியாக அனுப்பிய மருந்தும் நிலைமையைச் சற்றுத் தாங்கின. தனியார் வைத்தியசாலைகளும் இதே தட்டுப்பாட்டில் சிக்கின. எனினும் பணமுள்ளவருக்கு அங்கே ஓரளவு வழி இருந்தது.

மருந்து திரும்பி வந்தது. போன வைத்தியர்கள் பலர் திரும்பவில்லை. இலங்கையில் மருத்துவப் பட்டப்படிப்பு அரச பல்கலைக்கழகங்களில் இலவசம். உள்ளகப் பயிற்சி முடித்தவர்களைத் தகுதி வரிசைப்படி நாடெங்கும் நியமிப்பதால்தான் மன்னாருக்கும் மொனராகலைக்கும் வைத்தியர் கிடைக்கிறார். நிபுணராக விரும்புவோர் பயிற்சியின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிக்க வேண்டும். அப்படிப் போனவர்களில் சிலர் முன்பும் தங்கிவிடுவதுண்டு. நெருக்கடிக்குப் பின் பிரித்தானியா, அவுஸ்திரேலியா நோக்கிய புறப்பாடு நூற்றுக்கணக்கில் பெருகியது. சம்பளத்தின் மதிப்புப் பாதியாகக் கரைந்த நிலையில் அவர்களைக் குறைசொல்வது எளிதல்ல. ஆனால் ஒரே ஒரு மயக்கமருந்து நிபுணர் உள்ள மாவட்ட வைத்தியசாலையில் அவரும் போய்விட்டால், சத்திரசிகிச்சைக் கூடம் பூட்டித்தான் கிடக்கும்.

மாற்று யோசனைகள்

வசதியுள்ளோரிடம் கட்டணம் வாங்கலாம், தேசியக் காப்புறுதிக்கு மாறலாம் என்ற யோசனைகள் ஒவ்வொரு நெருக்கடியிலும் எழுகின்றன. அரசு ஏற்கெனவே தன் ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதியும், 2017 முதல் பாடசாலை மாணவருக்குச் சுரக்ஷா காப்புறுதியும் வழங்கியிருக்கிறது. தனியார் வைத்தியசாலைச் செலவையும் ஈடுசெய்யும் இத்தகைய திட்டங்கள், தன் இலவச சேவையில் அரசுக்கே முழு நம்பிக்கை இல்லையோ என்று கேட்க வைக்கின்றன. காப்புறுதி, சிகிச்சை இருக்கும் இடத்தில்தான் பணம் கட்டும். தனியார் வைத்தியசாலைகளோ கொழும்பிலும் சில நகரங்களிலும் குவிந்திருக்கின்றன. கட்டணம் வைத்தால் ஏழை யார் என்று பிரிக்க ஓர் அலுவலகம் வேண்டும். அதன் வாசலிலும் வரிசை நிற்கும்.

அதைவிடப் பயன் தரக்கூடியது, ஒவ்வொரு குடும்பத்தையும் பக்கத்து வைத்தியசாலையில் பதிவு செய்து, தொடர்ந்து ஒரே வைத்தியர் குழு பார்க்கும் ஏற்பாடு. மருத்துவிச்சியின் பதிவேடு தாய்க்கும் சேய்க்கும் செய்ததை முதியவருக்கும் நீரிழிவுக்காரருக்கும் செய்வதே இதன் நோக்கம். இதற்குச் சுற்றறிக்கை மட்டும் போதாது. நெடுங்கேணியிலோ வெல்லவாயவிலோ உள்ள வைத்தியசாலையில் இன்சுலினும் குருதிச் சீனிப் பரிசோதனையும் மாதம் தவறாமல் கிடைத்தால்தான், அங்குள்ள நோயாளி விடிவதற்கு முன் பேருந்தேறி நகரத்துக் கிளினிக்குக்குப் போவதை நிறுத்துவார்.